நெட் எங்கே நிற்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: 100 எம்பிபிஎஸ் ஃபைபர் பிளான் போட்டிருக்கிறீர்கள். மோடம் கீழே ஹாலில், டிவிக்குப் பின்னால். மாடி அறையில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்கும்போது போனில் 20-ஐத் தாண்டுவதில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் மீட்டிங்கில் குரல் உடைகிறது. மாதத்தில் இரண்டு மூன்று தடவை சிவப்பு விளக்கு எரிந்து மொத்தமாகப் போய்விடுகிறது. போன் செய்தால் "எங்க பக்கம் எல்லாம் ஓகே மேடம், ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்கிறார்கள். கம்பெனியை மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே, ஓய்வூதியம் வாங்கும் உங்கள் மாமனார் "நெட் இல்லாட்டி என்ன, நாங்க எல்லாம் வாழலையா" என்று சொல்வதையும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் செம்புக் கம்பி டெலிபோன் காலத்தில் லைன் வேலைக்கு வந்தவன். இப்போது ஃபைபர் ஒட்டுகிறேன். உங்களுக்கு நான் முதலில் சொல்வது, கம்பெனியை மாற்றுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். நீங்கள் சொல்லும் மூன்றும் மூன்று வேறு பழுதுகள். மாடியில் வேகம் குறைவது வீட்டுக்குள் வைஃபை விவகாரம். சிவப்பு விளக்கு, தெருவிலிருந்து வரும் கேபிளின் விவகாரம். இரவில் உடைவதற்கு அந்த இரண்டில் ஒன்றும் காரணமாகலாம், கம்பெனியின் நெரிசலும் காரணமாகலாம். எல்லாவற்றையும் சேர்த்து "நெட் ஸ்லோ" என்று ஒரே புகாராகக் கொடுத்தால், எடுப்பவருக்கு எங்கே கை வைப்பது என்றே தெரியாது. அவர் உடனே பார்க்கக்கூடியது உங்கள் மோடம் ஆன்லைனில் இருக்கிறதா என்பது. அந்த நேரத்தில் இருக்கும். அதனால்தான் "எல்லாம் ஓகே".

முதலில் வேகத்தைப் பார்ப்போம். பிளானில் எழுதியிருக்கும் 100 என்பது மோடம் வரைக்கும் வருவது. அது வருகிறதா என்று பார்க்க ஒரே வழி, ஒரு லேன் கேபிளை மோடத்தில் செருகி மறுமுனையை லேப்டாப்பில் செருகுவது. வைஃபையை அணைத்துவிட்டு வேகம் பாருங்கள். 90-க்கு மேல் காட்டினால் கம்பெனி கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டது, மிச்சம் உங்கள் வீட்டுக்குள் தொலைகிறது. (பின்னால் 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறி, அப்போதும் சொல்லி வைத்தாற்போல 94, 95-லேயே நின்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். உள்ளே எட்டுக் கம்பிகளும் சரியாகத் தொட்டால்தான் 100-ஐத் தாண்டும். நான்கு மட்டும் தொட்டாலும் நெட் வரும், 100-க்குள் அடங்கிவிடும்.)

வைஃபை இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பழையது. சுவரைத் தாண்டி ஓரளவு தூரம் போகும். ஆனால் அதில் இடம் குறைவு. ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பயன்படுத்த 1, 6, 11 என்று மூன்றே சேனல்கள். உங்கள் மோடம், எதிர்வீட்டு மோடம், மேல்மாடிக் குடித்தனக்காரர் மோடம், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அந்தச் சந்துக்குள்தான் ஓட வேண்டும். ஒரே ஒரு ஆன்டெனாவில் பேசும் போனுக்கு, வழக்கமான அமைப்பில், ஏட்டில் எழுதிய உச்சமே 72 எம்பிபிஎஸ். கையில் 40 வந்தாலே நல்லது. ஆகவே மாடியில் உங்களுக்குக் கிடைக்கும் 20, கம்பெனி திருடிய மிச்சம் அல்ல, அந்த அலைவரிசை அந்த இடத்தில் தரக்கூடியதே அவ்வளவுதான்.

5 கிகாஹெர்ட்ஸ் விசாலமானது. 2018-இல் மத்திய அரசு இதில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. வேகமும் அதிகம். ஆனால் சுவருக்குப் பயப்படும். நம் ஊர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்றைத் தாண்டும்போதே நொண்டும், கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு வரும்போது மூச்சு வாங்கும். இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி எதுவும் அதற்கு ஆகாது. நீங்கள் மோடத்தை டிவிக்குப் பின்னால் வைத்திருக்கிறீர்கள். டிவியின் பின்பக்கம் உலோகத் தகடு. குடத்திலிட்ட விளக்கு என்பார்களே, அதுதான். அங்கிருந்து எடுத்து மாடிப்படி பக்கமாக, தலை உயரத்துக்கு மேல் ஒரு ஆணியில் மாட்டச் சொல்லுங்கள். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் காசு செலவில்லாத ரிப்பேர் இதுதான், பல வீடுகளில் இதற்கு மேல் தேவைப்பட்டதே இல்லை.

அதற்கும் மாடியில் போதவில்லை என்றால் கடையில் 'எக்ஸ்டெண்டர்' என்று ஒன்றைத் தலையில் கட்டுவார்கள். மலிவானவை ஒரே சேனலில் கேட்டு, அதே சேனலில் திருப்பிச் சொல்லும், அதனால் வேகம் பாதியாகும். சிக்னல் கோடு நிறையக் காட்டும், உள்ளே சரக்கு இருக்காது. அந்தப் பணத்துக்கு கீழிருந்து மாடிக்கு ஒரு கேட்-6 கேபிள் இழுத்து, மாடியில் இன்னொரு ரௌட்டரை ஆக்சஸ் பாயிண்டாக (கேபிளில் வரும் நெட்டை அங்கே வைஃபையாகத் தரும் பெட்டியாக) வையுங்கள். ஒன்றை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: கரண்ட் வயர் போகும் குழாய்க்குள்ளேயே இதையும் திணிக்கக் கூடாது. தனிக் குழாய் வேண்டும்.

சரி, சிவப்பு விளக்கு. எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மோடத்தில் 'எல்ஓஎஸ்' என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து வர வேண்டிய ஒளி வரவில்லை என்று பொருள். ஆஃப் செய்து ஆன் செய்வதால் ஒளி வந்துவிடாது. 'பான்' விளக்கு மட்டும் மின்னிக்கொண்டே இருந்தால், ஒளி வருகிறது, ஆனால் அந்தப் பக்கம் இருக்கும் கருவியோடு கைகோக்க முடியவில்லை. பான் நிலையாகப் பச்சையில் இருந்து இன்டர்நெட் விளக்கு மட்டும் அணைந்திருந்தால் கேபிளில் குற்றமில்லை. கணக்கு, பில், கம்பெனி சர்வர் என்று அந்தப் பக்கம் போய்விடும். போன் செய்யும்போது எந்த விளக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

உங்கள் வீட்டுக்கு வரும் ஃபைபர் கண்ணாடி இழை. உறை நீக்கினால் 125 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதிலும் வெளிச்சம் ஓடும் நடுப்பகுதி 9 மைக்ரான்தான். கம்பெனியின் அறையிலிருந்து புறப்படும் ஒரே இழையை வழியில் ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பார்கள். இரண்டாகப் பிரித்தால் ஒளி பாதி. 32 ஆகப் பிரிக்கும்போது ஏறக்குறைய 17 டெசிபெல் (ஒளி இழப்பை அளக்கும் அலகு) அங்கேயே போய்விடுகிறது. மீதியை ஜாயிண்ட், கனெக்டர், வளைவு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். உங்கள் மோடத்துக்கு வந்து சேரும்போது அளவு மைனஸ் 18-லிருந்து மைனஸ் 24 டிபிஎம் வரை இருந்தால் நிம்மதி. டிபிஎம் என்பது ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு, மைனஸுக்குப் பின்னால் எண் கூடக் கூட ஒளி குறைவு. மைனஸ் 27-ஐ நெருங்கினால் அது விளிம்பில் நிற்கிறது. ஒரு மழை, ஒரு வெயில், ஒரு காற்று போதும், சிவப்பு எரியும். பிறகு தானாகவே பச்சையாகும். அப்போது லைன்மேன் வந்து பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று போவார்.

உங்கள் வீட்டில் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். நீங்களே பார்க்கலாம். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலான மோடங்களின் உள்பக்கம் திறக்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். அங்கே 'ஆர்எக்ஸ் பவர்' என்ற வரியைப் பாருங்கள், மோடத்துக்கு வந்து சேரும் ஒளியின் அளவு அதுதான். சில கம்பெனிகள் மறைத்து வைக்கும். அப்படியானால் லைன்மேன் வரும்போது பவர் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள். ஃபைபரின் முனையைக் கழற்றிக் கண்ணருகே கொண்டுபோய் உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். வருவது கண்ணுக்குத் தெரியாத ஒளி. குழந்தைகளையும் தொடவிடாதீர்கள்.

ஒரு வீட்டில் இதே கதை. மூன்று மாதத்தில் ஏழு புகார். மோடம் மாற்றினார்கள், அடாப்டர் மாற்றினார்கள். நான் போனபோது மைனஸ் 28-க்கும் 26-க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. வெளியே கம்பத்துப் பெட்டியில் அளந்தால் மைனஸ் 20. ஆக ஆறிலிருந்து எட்டு டெசிபெல் அந்த வீட்டுக்குள்ளேயே தொலைகிறது. மாலை நேரம். அந்த வீட்டு அம்மா ஹால் விளக்கை அணைத்தார். மோடம் முனையைக் கழற்றி, சிவப்பு லேசர் பேனாவைச் செருகினேன். ஃபைபரில் எங்கே ஒடிவு இருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு கசியும். ஜன்னல் ஓரத்தில், கதவு சட்டத்தில் பதியும் இடத்தில், மிளகாய்ப் பழம் அளவுக்கு ஒரு சிவப்பு. ஜன்னலைச் சாத்தும்போதெல்லாம் கேபிள் நசுங்கியிருக்கிறது. மழைக்காலம் என்பதால் தினமும் சாத்தியிருக்கிறார்கள். சுவரில் ஒரு துளை போட்டு கேபிளை அதன் வழியே விட்டேன், புது முனை போட்டேன். மைனஸ் 20.4. அந்த வீட்டுப் பெரியவர் அந்த எண்ணைக் காலண்டரில் எழுதி வைத்தார். அதைப் பார்த்தபோது எனக்கு மனது நிறைந்துவிட்டது.

உங்கள் வீட்டிலும் கேபிள் எங்கே மடிகிறது, எந்தக் கதவில் நசுங்குகிறது, எலி நடமாடும் பரண் வழியாக வருகிறதா என்று ஒருமுறை விரலால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். மோடத்துக்குப் பின்னால் மிச்சக் கேபிளைச் சின்ன வட்டமாக இறுக்கிச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருப்பார்கள். அவிழ்த்து ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிய வட்டமாக விடுங்கள்.

வெளியே பழுது என்றால் அதற்குக் காரணங்கள் ஊருக்கு ஊர் உண்டு. கரண்ட் கம்பத்தில் தொங்கும் கேபிளை வைக்கோல் ஏற்றிய லாரி இழுத்துப் போகும். தேர் வரும் வீதி என்றால் அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டுவார்கள், கட்டும்போது ஒடியும். மரக்கிளை வெட்டுவார்கள். பாதாளச் சாக்கடைக்கு ஜேசிபி தோண்டும். இதில் லைன்மேனைத் திட்டிப் பயனில்லை. மழையில் ஏணி போட்டு, நனைந்த பெட்டிக்குள் தலைமுடி போன்ற இழையைத் துடைத்து ஒட்டுகிற வேலை அது. ஒரு டம்ளர் டீயும் சரியான தகவலும் கொடுத்தால் அவர் உங்கள் ஆள்.

இரவு எட்டு மணி விஷயத்துக்கு வருகிறேன். முன்பு சொன்ன லேன் கேபிள் சோதனையை மதியம் மூன்று மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும், மூன்று நாள் செய்யுங்கள். கேபிளில் இரண்டு வேளையும் 90 வந்தால் இரவில் கெடுப்பது வைஃபை நெரிசலோ வீட்டுக்குள்ளேயே ஓடும் ஏதோ ஒன்றோதான். எல்லோரும் வீடு திரும்பும் நேரம் அது. போன்கள் வைஃபையைப் பிடித்தவுடன், பகலில் எடுத்த போட்டோ, வீடியோவை எல்லாம் மேலே ஏற்ற ஆரம்பிக்கும். மீட்டிங்கில் உங்கள் குரல் போவதும் அதே மேலேறும் பாதையில்தான். போட்டோ பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ளிவிட்டு ஒரு நாள் பாருங்கள். குரல் தெளிந்துவிட்டால் வேலை முடிந்தது.

கேபிளிலேயே மதியம் 95, இரவு 25 என்று வந்தால் அது கம்பெனி நெரிசல். நீங்கள் இருக்கும் அந்த ஒரே இழையில் எல்லா வீடுகளுக்கும் சேர்த்து கீழிறங்கும் பாதை சுமார் 2.5 ஜிபிபிஎஸ்தான், அதாவது 2,500 எம்பிபிஎஸ். அதைத் தாண்டி கம்பெனி வெளியுலகத்தோடு எவ்வளவு பெரிய பாதை வாங்கி வைத்திருக்கிறது என்பதும் இருக்கிறது. இதை நீங்கள் சரிசெய்ய முடியாது. அப்போது மாற்றுங்கள், தாராளமாக. ஆனால் மாறப்போகும் கம்பெனியின் கேபிளும் அதே கம்பத்தில், அதே ஆளின் கையில் ஓடுகிறதா என்று தெருவில் விசாரித்துவிட்டு மாறுங்கள். பெயர்ப்பலகை இரண்டாக இருந்தாலும் கம்பத்தில் பெட்டி ஒன்றாக இருக்கும் தெருக்கள் நிறைய.

புகார் கொடுப்பதிலும் முறை இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2012-இல் கொண்டுவந்த விதிப்படி புகார் செய்தவுடன் ஒரு டாக்கெட் எண், அதாவது புகார்ப் பதிவு எண், தர வேண்டும். அது இல்லாமல் போனை வைக்காதீர்கள். லைன்மேனின் வாட்ஸ்அப்பில் சொல்வது அவசரத்துக்குச் சரி, கணக்கில் ஏறாது. தீர்வு திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு இலவசமாக எழுதலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ட்ராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை, அதனால் அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். பழுது நாள்கணக்கில் நீண்டால் நெட்டுக்கான மாத வாடகையில் கழிவு உண்டு, கேட்டு வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்புப் புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது என்று கம்பெனிகள் வெகுகாலம் வாதிட்டன. விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் எழுதி வைத்த தேதி, எண், விளக்குப் போட்டோ எல்லாம் அங்கேதான் பேசும்.

அப்புறம் உங்கள் மாமனார் சொன்னது. அவர் சொல்வதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. அவர் காலத்துக் கறுப்பு டெலிபோன் கரண்ட் போனாலும் பேசும். ஏனென்றால் அதற்கு மின்சாரம் வீட்டிலிருந்து வரவில்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து அதே செம்புக் கம்பியில் 48 வோல்ட் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த எக்ஸ்சேஞ்சின் பேட்டரி அறை இன்றும் நினைவிருக்கிறது. இடுப்பு உயரத்துக்கு 24 செல்கள் வரிசையாக, ஒவ்வொன்றும் 2 வோல்ட், அறை முழுக்க ஆசிட் நெடி. கரண்ட் போனால் அவை தாங்கும், அவை இறங்குவதற்குள் டீசல் ஜெனரேட்டர் உறுமும். ஊரே இருட்டில் கிடந்தாலும் டயல் டோன் இருக்கும்.

கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. வேகத்துக்காக நாம் கொடுத்த விலை அது. இன்று கரண்ட் போனால் உங்கள் மோடமும் போய்விடும், தெரு முனையில் கம்பெனிக் கருவியின் பேட்டரி நன்றாக இருந்தாலும் பயனில்லை. அதனால் மோடத்துக்கென்று ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்கள். பெரும்பாலான மோடம் 12 வோல்ட். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்டையும் ஆம்பியரையும் பார்த்து, அதற்குப் பொருந்தியதாக வாங்க வேண்டும். இன்வெர்ட்டர் இருந்தால் அந்த பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள், பல வீடுகளில் ஃபேனும் லைட்டும் மட்டும் இருக்கும்.

ஆனால் "வாழலையா" என்பதோடு நான் ஒத்துப்போகவில்லை. அன்று நெட் இல்லாமல் வாழ்ந்தபோது பேங்க் கிளையில் ஆள் இருந்தார், கரண்ட் பில் கட்ட வரிசை இருந்தது, பள்ளிக்கூடம் நோட்டில் எழுதி அனுப்பியது. அந்த வழிகள் இப்போது குறுகிவிட்டன. அவருடைய உயிர்வாழ் சான்றிதழையே இன்று போனில் முகம் காட்டிக் கொடுக்கலாம். டாக்டர் வீடியோவில் பார்க்கிறார், உங்கள் சம்பளம் அந்த மாடி அறையிலிருந்து வருகிறது. இதை ஆடம்பரம் என்று சொன்னால் உங்கள் பதற்றத்துக்கு மரியாதை இல்லாமல் போகும்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல் சென்னையில் கரை ஏறிய நாள். அதற்கு ஒரு மாதம் முன்புதான், நவம்பர் 8 அன்று, பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். கையில் காசு இல்லை, எல்லோரும் கார்டுக்கு மாறுங்கள் என்ற நேரம். புயலில் மரங்கள் விழுந்து கரண்ட் போனது, கேபிள் போனது, டவர் போனது. கடையில் பால் பாக்கெட் இருந்தது, கார்டு தேய்க்கும் மெஷின் வேலை செய்யவில்லை. பேங்க் கணக்கில் பணம் வைத்துக்கொண்டு பால் வாங்க முடியாமல் நின்ற மக்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே ஒரே வழியை நம்பி வீட்டை ஓட்டாதீர்கள். ஃபைபர் ஒரு கம்பெனி என்றால், போனில் ஒரு சிம்மாவது வேறு கம்பெனியாக இருக்கட்டும். மீட்டிங் நடுவே சிவப்பு எரிந்தால் உடனே ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுவதை முன்கூட்டியே ஒருமுறை பழகிப் பாருங்கள். பெட்டியில் இரண்டு மூன்று நாள் செலவுக்குச் சில்லறை நோட்டாகப் பணம் இருக்கட்டும். *99# என்று அடித்தால் நெட் இல்லாமலே யூபிஐ பணம் அனுப்பலாம், டவர் வேண்டும். உங்கள் சிம்மில் அது வேலை செய்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். மாமனாருக்கும் அதைச் செய்து காட்டுங்கள். டாக்டர், ஆஸ்பத்திரி, கேஸ், லைன்மேன் எண்களை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.

இப்போதைக்கு இவ்வளவு செய்யுங்கள்: மோடத்தை டிவிக்குப் பின்னாலிருந்து எடுங்கள், இன்று இரவு ஒன்பது மணிக்கு லேன் கேபிளில் வேகம் பாருங்கள், ஆர்எக்ஸ் பவர் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எண்களையும், அடுத்த தடவை சிவப்பு எரியும்போது மழையா வெயிலா, ஜன்னல் திறந்திருந்ததா சாத்தியிருந்ததா என்பதையும் எனக்கு எழுதுங்கள். லைன்மேனிடம் என்ன கேட்க வேண்டும் என்று அப்போது துல்லியமாகச் சொல்கிறேன்.